ஒரே ரோடு, மூணு கணக்கு: சைக்கிள் ஓட்டின தூரத்தை போன் எப்படிச் சொல்லுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கி, உபதலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா ஒரு நேயர் கேள்விக்குப் போயிடலாம். தேனி மாவட்டம் ராயப்பன்பட்டில இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்திருக்கு. ரெண்டு நண்பர்கள், ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிள்ல கிளம்பியிருக்காங்க. உத்தமபாளையம், கம்பம், அங்கிருந்து சுருளி அருவி, திரும்பி வரும்போது சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியா ஊர். முழுக்க ஒண்ணா ஓட்டியிருக்காங்க. ஆனா முடிச்சுட்டுப் பார்த்தா ஒருத்தர் போன்ல 41.3 கிலோமீட்டர். இன்னொருத்தர் போன்ல 40.1. அந்த ரெண்டாவது ஆளோட சைக்கிள் சக்கரத்துல ஒரு மீட்டர் மாட்டியிருக்கார், அது 40.6னு சொல்லுது. மாசக் கடைசில யார் கணக்கு கூட இருக்கோ அவருக்கு மத்தவர் பரோட்டா வாங்கித் தரணும்னு பந்தயம் வேற.

கேள்வி இதுதான்: "அண்ணே, இதுல எது சரி?"

சின்ன பதில் முதல்ல சொல்லிடுறேன். போன் தூரத்தை அளக்கவே இல்ல. நீங்க எங்க இருக்கீங்கன்னு நொடிக்கு ஒரு தடவை கணிக்குது, அவ்வளவுதான். தூரம்னு திரையில வர்றது அந்தக் கணிப்புகளை வெச்சு பின்னாடி போடுற ஒரு கூட்டல். அந்தக் கூட்டல் எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா, அந்த எண்ணை எதுக்கு நம்பலாம், எதுக்கு நம்பக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். கடைசில பரோட்டாவை விடப் பெரிய விஷயம் ஒண்ணும் இருக்கு, அதையும் பேசுவோம்.

சக்கரம்: எண்ணத் தெரிஞ்ச கருவி

எளிமையானதுல இருந்து ஆரம்பிக்கலாம். சக்கர மீட்டர். ஆரக்கம்பில ஒரு சின்ன காந்தம், முன்பக்க ஃபோர்க்ல ஒரு சென்சார். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா காந்தம் ஒரு தடவை சென்சாரைக் கடக்கும், உள்ள இருக்கிற சுவிட்ச் ஒரு தடவை மூடித் திறக்கும். மீட்டர் "ஒண்ணு"ன்னு எண்ணிக்கும். எத்தனை சுத்துன்னு எண்ணி, அதை சக்கரத்தோட சுற்றளவால பெருக்கினா தூரம்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. அமெரிக்காவுல கர்ட்டிஸ் வீடர்னு ஒருத்தர் சைக்கிளுக்கான சைக்ளோமீட்டருக்கு 1895ல காப்புரிமை வாங்கினார். நம்ம பள்ளத்தாக்குக்குத் தண்ணி கொண்டுவந்த பெரியாறு அணை திறந்த அதே வருஷம். அப்போ காந்தம் கிடையாது, ஆரக்கம்பில மாட்டின ஒரு முள் ஒவ்வொரு சுத்துக்கும் பல் சக்கரத்தைத் தட்டிவிடும். கணக்கு அன்னைக்கும் இதேதான்.

வீட்டுல தாத்தா ஓட்டின 28 இஞ்ச் சைக்கிளுக்கு சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். அந்த மாதிரி சக்கரத்துல 40.6 கிலோமீட்டர் போகணும்னா ஏறக்குறைய 18,450 சுத்து. இதுல எண்ணுற வேலையில தப்பு வர்றது ரொம்ப அபூர்வம். மரத்தடியில போனாலும் எண்ணும், மழையில போனாலும் எண்ணும். தப்பு வர்ற இடம் ஒண்ணே ஒண்ணு: நீங்க மீட்டர்ல போட்டு வெச்ச சுற்றளவு.

சுற்றளவுல 1 சென்டிமீட்டர் தப்பா போட்டீங்கன்னா, 220 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னா கிட்டத்தட்ட அரை சதவீதம். 100 கிலோமீட்டர்ல 450 மீட்டர் தப்பு. இதுல வேடிக்கை என்னன்னா அந்தத் தப்பு எப்பவும் ஒரே பக்கமாத்தான் இருக்கும். இன்னைக்குக் கூட்டிச் சொன்னா நாளைக்கும் அதே விகிதத்துல கூட்டித்தான் சொல்லும். அதனால ஒரு தடவை சரியா அளந்துட்டா வேலை முடிஞ்சது.

எப்படி அளக்கறது? டயர்ல நீங்க எப்பவும் வைக்கிற அளவுக்குக் காத்து அடிங்க. டயர் தரையைத் தொடுற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு, அதே இடத்துல தரையிலயும் ஒரு கோடு. சைக்கிள் மேல உட்காருங்க, ஒருத்தர் பிடிச்சுக்கட்டும். நேரா அஞ்சு சுத்து உருட்டுங்க. டயர் கோடு அஞ்சாவது தடவை தரையைத் தொடுற இடத்துல இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் வெச்சு அளந்து அஞ்சால வகுத்துடுங்க. மேல உட்காரணும்னு ஏன் சொல்றேன்னா, உங்க எடையில டயர் கொஞ்சம் நசுங்கும், உருளும் சுற்றளவு சில மில்லிமீட்டர் குறையும். காத்து இறங்கின டயருக்கும் அதே கதைதான்.

போன்: புள்ளி வெச்சு கோடு போடுறது

இப்போ போனுக்கு வருவோம். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் தரையில இருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. ஒவ்வொண்ணும் "இப்போ மணி இவ்வளவு, நான் இங்க இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கு. அந்த சிக்னல் உங்க போனுக்கு வர்றதுக்கு ஒரு நொடியில 15ல ஒரு பங்கு நேரம் ஆகும். எவ்வளவு தாமதமா வந்துச்சுன்னு பார்த்தா, அந்த சாட்டிலைட் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சுடும். இப்படி நாலு சாட்டிலைட் கிடைச்சா இடத்தையும் கண்டுபிடிச்சுடலாம், போன் கடிகாரத்தோட பிழையையும் சரி பண்ணிக்கலாம்.

இதுல நேரம் எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினா 300 மீட்டர் தப்பிடும். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னல்ல வேணும்னே பிழை கலந்து வெச்சிருந்தது. அப்போ 100 மீட்டர் தள்ளிக்கூட காட்டும். அதை நிறுத்தின பிறகுதான் இந்த மாதிரி ஆப் எல்லாம் சாத்தியமாச்சு. இன்னைக்குத் திறந்த வெளியில ஒரு சாதாரண ஸ்மார்ட்போனோட பிழை சுமார் 5 மீட்டர்.

ஆக, போன்கிட்ட இருக்கறது ஒரு பட்டியல். இந்த நொடி இந்த இடம், அடுத்த நொடி அந்த இடம். ஆப் என்ன பண்ணும்னா, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவுல ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோடுகளோட நீளத்தை எல்லாம் கூட்டும். சின்ன வயசுல புள்ளிகளை இணைச்சு படம் வரைவோமே, அதேதான். தூரம் கூடுறதும் குறையறதும் இந்த இணைக்கிற வேலையிலதான் நடக்குது.

நேர் ரோட்டுல ஏன் கூடுது?

நீங்க 18 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னு வைங்க. அதாவது நொடிக்கு 5 மீட்டர். ரோடு நேரா இருக்கு. போன் நொடிக்கு ஒரு புள்ளி வைக்குது. எல்லாப் புள்ளியும் ரோட்டுக்கு 5 மீட்டர் வலது பக்கம் தள்ளி விழுந்தா என்ன ஆகும்? தூரத்துக்கு ஒண்ணும் ஆகாது. கோடு முழுசா வயலுக்குள்ள நகர்ந்திருக்கும், நீளம் அப்படியே இருக்கும்.

பிரச்சினை, புள்ளிகள் தாறுமாறா விழும்போது. ஒரு புள்ளி ரோட்டு மேல, அடுத்தது 1 மீட்டர் பக்கவாட்டுல, மறுபடி ரோட்டு மேலன்னு விழுந்தா, ஒவ்வொரு கோடும் சாய்வா ஆயிடும். பத்தாம் வகுப்பு பிதாகரஸ் ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 1. கர்ணம் 5.1. நொடிக்கு 10 சென்டிமீட்டர் இல்லாத தூரம் சேர்ந்துடுச்சு. 2 சதவீதம். 40 கிலோமீட்டர்ல 800 மீட்டர்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, சாய்கோடு நேர்கோட்டை விடச் சின்னதா ஆகவே முடியாது. அதனால பக்கவாட்டுல வர்ற நடுக்கம் எப்பவும் கூட்டும், ஒருபோதும் குறைக்காது. ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைஞ்சு சராசரியில சரியாயிடும்னு நினைக்க முடியாது. 2016ல ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணிதமா நிரூபிச்சு ஒரு கட்டுரையே போட்டாங்க. ஜி.பி.எஸ். ஏன் தூரத்தை நிஜத்தை விடப் பெருசா காட்டுதுங்கறதுதான் தலைப்பே.

மெதுவா போகும்போது இது இன்னும் மோசம். நொடிக்கு 2 மீட்டர்னு மேடு ஏறும்போது அதே 1 மீட்டர் நடுக்கம் வந்தா, 2 மீட்டர் 2.24 ஆயிடும். 12 சதவீதம். நிக்கும்போது? டீக்கடையில 15 நிமிஷம் உட்கார்ந்திருக்கீங்க. புள்ளி நொடிக்கு 30 சென்டிமீட்டர் அங்கயும் இங்கயும் தாவினாக்கூட 270 மீட்டர் "ஓட்டி" முடிச்சிருப்பீங்க. இதுக்குத்தான் ஆப்கள்ல ஆட்டோ பாஸ் இருக்கு. இதுக்குத்தான் புள்ளிகளைத் தடவிச் சீராக்குற ஃபில்டரும் இருக்கு. நிஜத்துல பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளோட பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும், அதனால நான் போட்ட கணக்கு அளவுக்குப் போகாம தப்பிக்கிறோம். ஆனா எந்த ஆப் எவ்வளவு தடவும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பதிவை ரெண்டு ஆப்ல ஏத்தினா ரெண்டு தூரம் வர்றதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இன்னொரு விஷயம் சேருது. ராயப்பன்பட்டி, மேகமலை அடிவாரம். கிழக்குப் பக்கம் மலை நிக்குது. அந்தப் பக்கத்து வானத்துல தாழ்வா இருக்கிற சாட்டிலைட்டுகளை மலை மறைச்சுடும். மிச்சம் இருக்கறது எல்லாம் ஒரே பக்கமா இருந்தா கணிப்பு பலவீனமாகும். ரோட்டோரப் புளியமரம், தென்னந்தோப்பு, சட்டைப் பையில போன், இது ஒவ்வொண்ணும் சிக்னலைக் கொஞ்சம் தின்னும். 41.3 காட்டின போன் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். டவுசர் பாக்கெட்ல. சரிதான்.

வளைவுல ஏன் குறையுது?

இதுக்கு நேர் எதிர் பிரச்சினையும் உண்டு. சின்னமனூர்ல இருந்து ஹைவேவிஸ் ஏறுற மேகமலை ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. அதுல ஒண்ணுல இறங்குறீங்க. வளைவோட ஆரம் 10 மீட்டர்னு வைங்க. நொடிக்கு ஒரு புள்ளி வெச்சா வளைவை ஓரளவு ஒழுங்கா வரையலாம், 1 சதவீதம்தான் குறையும். ஆனா பேட்டரியை மிச்சம் பிடிக்க உங்க போன் 5 நொடிக்கு ஒரு புள்ளி வெச்சா? அந்த 5 நொடியில நீங்க வளைஞ்சு போனது 25 மீட்டர். போன் போட்ட நேர்கோடு 19 மீட்டர். 6 மீட்டர் போச்சு.

18 வளைவுக்கும் சேர்த்தாலும் 100 மீட்டர் சொச்சம்தான். இதைவிடப் பெரிய திருட்டு வேற இடத்துல நடக்குது. திரையை அணைச்சு பையில போட்டதும், பேட்டரி சேமிப்புன்னு சொல்லி போனே ஆப்பைத் தூங்க வெச்சிடும். ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆப் முழிச்சுக்கிட்டு, "ஓ, இங்க வந்துட்டியா"ன்னு பழைய புள்ளிக்கும் புதுப் புள்ளிக்கும் ஒரே கோடு. மேப்ல பார்த்தா நீங்க ரோட்டை விட்டுட்டு திராட்சைப் பந்தலுக்குள்ள நேரா புகுந்து வந்த மாதிரி இருக்கும். 40.1 காட்டின நண்பர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல காமயகவுண்டன்பட்டி பக்கம் அப்படி ஒரு கோடு தெளிவா தெரியுது.

தீர்வு சுலபம். போன் செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. லொகேஷன் அனுமதியில துல்லியமான இடம்ங்கறதை ஆன் பண்ணுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி திறந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு சிக்னல் நல்லா கிடைச்ச பிறகு ஸ்டார்ட் அழுத்துங்க. முடிஞ்சா போனை ஹேண்டில்பார்ல மாட்டுங்க.

மேடு ஏறின தூரத்தை விட்டுடுதா?

நிறைய பேர் கேக்குறது: மேப்ல தட்டையா அளந்தா, மலையேறும் சரிவுத் தூரம் கணக்குல வராதே? உண்மை, பல ஆப்கள் தட்டையாத்தான் அளக்கும். ஆனா அது எவ்வளவுன்னு போட்டுப் பார்ப்போம். 6 சதவீத சரிவு, அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏத்தம். மறுபடி பிதாகரஸ். 100.18 மீட்டர். 20 கிலோமீட்டர் ஏறினாலும் விட்டுப்போறது 36 மீட்டர்தான். மூச்சு வாங்குறதைப் பார்த்தா நம்ப முடியாது, ஆனா அவ்வளவுதான்.

தப்பு பெருசா வர்றது, ஏறின உயரக் கணக்குல. ஜி.பி.எஸ்.க்கு கிடைமட்டத்தை விட உயரம் சொல்றது கஷ்டம். நாம பூமிக்கு மேல இருக்கிற சாட்டிலைட்டைத்தான் பார்க்கிறோம், கீழ பூமி மறைக்குது. தட்டை ரோட்டுலயே நிமிஷத்துக்கு 2 மீட்டர் பொய்யா ஏறி இறங்கினா, ரெண்டு மணி நேரத்துல 240 மீட்டர் மலை ஏறினதா காட்டும். அதனால நல்ல கருவிகள் காத்தழுத்தத்தை வெச்சு உயரம் பார்க்கும். சில ஆப்கள் மேப்ல இருக்கிற உயரத் தரவை எடுத்துப் போடும். ரெண்டு பேரோட உயரக் கணக்கு ஒத்துப்போகலைன்னா சண்டை போடாதீங்க.

சரி, பரோட்டா யாருக்கு?

மூணுல எனக்கு அதிகம் நம்பிக்கை இருக்கறது 40.6 மேல. சுற்றளவு சரியா போட்டிருந்தா, சக்கரம் ஊகிக்கறது இல்ல, எண்ணுது. ஆனா பந்தயத்துக்கு ஒரு போனையும் ஒரு மீட்டரையும் ஒப்பிடுறது நியாயம் இல்ல. ஜவுளிக் கடையில ஒருத்தர் முழம் போட்டு, இன்னொருத்தர் மீட்டர் ஸ்கேல் போட்டு அளந்த மாதிரி ஆயிடும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி கருவி, ஒரே ஆப், ஒரே செட்டிங். இல்லைன்னா ஒரே வழியில போன அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கங்க.

கருவியைச் சோதிக்கணுமா? ரோட்டோர கிலோமீட்டர் கல் இருக்கு. தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை. ஒரு கல்லுல ஆரம்பிச்சு அஞ்சு கல் தள்ளி நிறுத்திப் பாருங்க. ஒரு எச்சரிக்கை, பைபாஸ் புதுசா வந்த இடத்துல கல்லும் கணக்கும் மாறியிருக்கலாம். பழைய நேர் பகுதியா பார்த்து எடுத்துக்கங்க.

நீண்ட தூர சைக்கிள்காரங்க இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பாருங்க. பிரெவெட்னு ஒரு வகை பயணம் இருக்கு. 200, 300, 400, 600 கிலோமீட்டர். நேர வரம்பு முறையே 13.5, 20, 27, 40 மணி நேரம். பிரான்ஸ்ல தொடங்கினது, இப்போ தமிழ்நாட்டு ஊர்கள்லயும் நடக்குது. அதுல உங்க மீட்டர் என்ன காட்டுதுன்னு யாரும் கேக்கறது இல்ல. வழியை நடத்துறவங்க முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க. நடுவுல சில கட்டுப்பாட்டு இடங்கள். அங்க உரிய நேரத்துக்குள்ள வந்து போனதுக்கு உங்க அட்டையில அத்தாட்சி இருக்கணும். வழி தவறி 15 கிலோமீட்டர் கூட ஓட்டினாலும் 200 கிலோமீட்டர் பயணத்துக்கு 200தான். தூரத்தை அளக்கறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும்னு ஒத்துக்கிட்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் கேக்குற விதி அது.

ஆடிக் காத்துக்கு கிலோமீட்டர் தெரியாது

இப்போ எண்ணு சரியாவே கிடைச்சுடுச்சுன்னு வைங்க. அது என்ன சொல்லுது? எவ்வளவு தூரம் போனீங்கன்னு மட்டும்தான். எவ்வளவு உழைச்சீங்கன்னு சொல்லாது.

பாலக்காடு, செங்கோட்டை மாதிரி கம்பமும் ஒரு காத்துக் கணவாய். தேனி மாவட்டத்துல காத்தாலைகள் நிக்கறதுக்குக் காரணம் அதுதான். தென்மேற்குப் பருவத்துல காத்து கேரளப் பக்கம் இருந்து பள்ளத்தாக்கு வழியா வடகிழக்கா அடிக்கும். ஆடி மாசம் தேனில இருந்து கம்பம் போறவங்களுக்கு அது நேரா மூஞ்சில. காத்தோட எதிர்ப்பு, காத்துக்கும் உங்களுக்கும் உள்ள வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். காத்தே இல்லாத நாள்ல 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. அதே வேகத்துல 20 கிலோமீட்டர் எதிர்க்காத்துல போனா, உங்களைத் தள்ளுற காத்து 40. எதிர்ப்பு நாலு மடங்கு. திரும்பி வரும்போது காத்தே தள்ளிக்கிட்டு வரும். ஆப்ல ரெண்டு பயணமும் ஒரே கிலோமீட்டர்.

அதனாலயோ என்னவோ, உலக சுகாதார நிறுவனம் உடற்பயிற்சிக்கான பரிந்துரையை நிமிஷத்துலதான் சொல்லுது. பெரியவங்களுக்கு மிதமான உழைப்புன்னா வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம். உடம்புக்காக ஓட்டுறீங்கன்னா கிலோமீட்டரை விட நிமிஷம் நியாயமான அளவு. எதிர்க்காத்து நாள்ல உங்களைத் தண்டிக்காது.

கிலோமீட்டர் பந்தயத்தோட நிஜமான ஆபத்து இங்கதான். 39.4 காட்டுது, 40 ஆக்கணும்னு இருட்டின பிறகு நெடுஞ்சாலையில இன்னொரு ரவுண்டு. குமுளி ரோட்டுல கார்த்திகை, மார்கழில சபரிமலை வண்டிகள் எவ்வளவு போகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல. அந்த 600 மீட்டர், நாம இவ்வளவு நேரம் பார்த்த பிழைக்குள்ளயே அடங்கிடுற தூரம். நிஜத்துல நீங்க 40 ஏற்கெனவே தாண்டியிருக்கலாம். இல்லாத துல்லியத்துக்காக இருட்டுல ரோட்டுக்குப் போகாதீங்க.

புள்ளிகள் வீட்டைக் காட்டும்

கடைசியா, முதல்ல சொன்ன பெரிய விஷயம். தூரம்ங்கறது ஒரே ஒரு எண்ணு. ஆனா அந்த எண்ணை உண்டாக்க ஆப் ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேமிக்குது, நேரத்தோட. நீங்க பார்க்கறது எண்ணை. ஆப்ல தங்குறது புள்ளிகள்.

அட்சரேகையில 5 தசம இடம் வரைக்கும் போனா சுமார் 1.1 மீட்டர். அதாவது உங்க தெரு இல்ல, உங்க வாசப்படி. பயணத்தோட முதல் புள்ளி பெரும்பாலும் வீட்டு வாசல். கடைசிப் புள்ளியும் அதேதான். செவ்வாய், வியாழன், சனி காலைல 5.40க்கு கிளம்பி 7.15க்கு வர்றீங்கன்னா, உங்க வழக்கமும் அதுல இருக்கு. எந்த நேரத்துல நீங்க வீட்டுல இல்லைங்கறதும் இருக்கு.

இது கற்பனை பயம் இல்ல. ஸ்ட்ராவா ஆப் உலகம் முழுக்கப் பயனர்கள் ஓடின, ஓட்டின வழிகளைச் சேர்த்து ஒரு ஒளிரும் மேப் வெளியிட்டது. அதுல பாலைவனத்து நடுவுல ராணுவ முகாம்களோட வடிவம் தெரியுதுன்னு 2018 ஜனவரியில வெளிச்சத்துக்கு வந்தது. வீரர்கள் உடற்பயிற்சிக்கு ஓடின தடம். 2024ல பிரான்ஸோட லே மோந்த் பத்திரிகை, நாட்டுத் தலைவர்களோட மெய்க்காப்பாளர்கள் பொதுவில் போட்ட ஓட்டப் பதிவுகளை வெச்சே தலைவர்களோட நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க முடியும்னு காட்டினது. பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஆட்களுக்கே இந்த நிலைமை.

சின்ன ஊர்ல இது இன்னும் நெருக்கமான விஷயம். சென்னையில ஒரு தெருவுல நூறு வீடு, யாருன்னு தெரியாது. கிராமத்துல அந்த நேரத்துக்கு அந்த வாசல்ல இருந்து சைக்கிள் எடுக்கறவங்க ஒருத்தர்தான். தனியா ஓட்டுற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு விளக்கத் தேவையில்ல.

ஆப்கள்ல தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கிற வசதி இருக்கு, ஆன் பண்ணுங்க. ஆனா அதுக்கும் ஒரு ஓட்டை உண்டு. வீட்டை மையமா வெச்சு ஒரு வட்டம் போட்டு மறைச்சா, நீங்க மூணு வெவ்வேற ரோட்டுல போன நாள்கள்ல கோடு எங்க எங்க தொடங்குதுன்னு பார்த்தா மூணு புள்ளி கிடைக்கும். மூணு புள்ளி இருந்தா வட்டம் வரைஞ்சுடலாம், வட்டம் இருந்தா மையம். பள்ளிக்கூட வடிவியல்தான்.

அதனால நான் சொல்ற வழி ரொம்ப சாதாரணம். வீட்டு வாசல்ல ஸ்டார்ட் அழுத்தாதீங்க. ஊர் முக்கு தாண்டி, எல்லாரும் போற ஒரு பொது இடத்துல, சண்முகாநதி அணைக்குப் பிரியற ரோடு மாதிரி ஒரு இடத்துல ஆரம்பிங்க. அங்கயே முடிங்க. கணக்கு கணிப்பு முறையில என்ன குறையும்? ஒரு கிலோமீட்டர். பதிவுகளைப் பொதுவில் காட்டாம, தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு மாத்துங்க. உங்க பயணப் பதிவை ஜி.பி.எக்ஸ். கோப்பா இறக்கி ஒரு தடவை சாதாரண நோட்பேட்ல திறந்து பாருங்க. இடம், நேரம், இடம், நேரம்னு வரிசையா ஓடும். முதல் வரியை எடுத்து மேப்ல போடுங்க. எங்க வந்து நிக்குதுன்னு பார்த்துட்டு, அதை யாருக்கெல்லாம் காட்டலாம்னு முடிவு பண்ணுங்க.

இந்த வாரம் அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்லயும் ஒரே ரோட்டுக்கு ரெண்டு கணக்கு வந்திருந்தா, மேப் படத்தோட அனுப்புங்க. வீட்டுப் பக்கத்தை வெட்டிட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல, போன்ல நடை எண்ணுற ஸ்டெப் கவுன்ட்டர் பஸ்ல உட்கார்ந்திருக்கும்போதும் ஏன் எண்ணுதுன்னு பேசலாம். வர்றேன்.